பாறையின் வயதும் பொதுப்பணமும்

(திருவனந்தபுரத்தில் தமிழ் அன்பர்கள் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் பயின்று, மைய அரசுப் பணியில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவனைப் பூமியின் தொடக்க கால வரலாறு பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நிலவியல் அறிஞர் எவரேனும் இந்த அவையில் இருப்பாராயின் பொறுத்தருள வேண்டும். ஆயினும் ஒன்று சொல்வேன். இத்தகைய ஆராய்ச்சிக்குப் பொதுப்பணத்தை வழங்கலாமா, கூடாதா என்ற கேள்வி கோப்புகளில் எழும்போது அதற்கு விடை எழுதுபவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்களே. ஆகவே அந்த ஆராய்ச்சி என்ன என்பதை ஓரளவேனும் அறிந்துகொள்ளும் கடமை எங்களுக்கு உண்டு.

காலத்தை அளக்கும் முறையிலேயே எங்களுக்கும் அவர்களுக்கும் பெருத்த வேறுபாடு இருக்கிறது. 1951 முதல் 2017 வரை இந்நாட்டில் ஐந்தாண்டு என்பதே திட்டமிடுதலின் அளவுகோலாக இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு அப்பால் நோக்கும் திட்டத்தைத் தொலைநோக்குத் திட்டம் என்று பெருமையுடன் குறிப்பிட்டோம். நிலவியலாருக்கோ ஒரு கோடி ஆண்டு என்பது அளவீட்டில் நேரக்கூடிய சிறு பிழை. பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். அதில் முதல் 50 கோடி ஆண்டுகளைச் சேர்ந்த முழுப் பாறை என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கது எதுவும் உலகில் கிட்டவில்லை. கனடாவின் வடமேற்கில் உள்ள அக்காஸ்டா பாறைகள் 400 கோடி ஆண்டுகளைச் சற்றே தாண்டியவை. அதற்கு முந்தைய காலத்தைப் பற்றி நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி மணல் துகளை ஒத்த சில படிகங்களிலிருந்து பெறப்பட்டதாகும்.

இந்தப் பொருளைத் திருவனந்தபுரத்தில் பேசுவதற்குத் தக்க காரணம் இருக்கிறது. நகரின் வடபுறம் ஆக்குளத்தில் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் இயங்கி வருகின்றது. 1978-இல் கேரள அரசு இதனை நிறுவியது. 2014 ஜனவரி 1 முதல் மைய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் ஏற்று நடத்துகின்றது. கடலரிப்பு, ஆற்று நீர், நிலச்சரிவு, மழை மேகம் ஆகியவற்றுடன் பூமியின் மேலோடு எவ்வாறு உருவாயிற்று என்பதும் இங்கு ஆராயப்படுகின்றது. கடலரிப்புக்கும் நிலச்சரிவுக்கும் பணம் ஒதுக்குவதில் யாரும் கேள்வி எழுப்புவதில்லை. 2024 ஜூலை 30-ஆம் நாள் வயநாட்டில் நேர்ந்த கொடுமையில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு எவர் எழுப்புவார்? கேள்வி எழுவது கடைசி இனத்தின் மீதுதான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பாறை எப்படி உருகியது, எப்படி உறைந்தது என்பதை அறிந்து இன்று ஆகப்போவது என்ன என்பது அக்கேள்வி. நியாயமான கேள்விதான். அதை எள்ளி நகையாடும் அறிவியலாரை நான் ஏற்பதில்லை.

முதலில் ஒரு கல்லறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான ஜாப் சார்னோக் என்பவர் 1690-களில் கல்கத்தாவில் இறந்தார். அவருடைய கல்லறை மீது பதித்த கருமை கலந்த கல் சென்னையை அடுத்த பல்லாவரத்திலிருந்து சென்றது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய தாமஸ் ஹாலந்து அக்கல்லை ஆராய்ந்து, 1893-இல் அந்த வகைப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். 1900-இல் விரிவான நூலும் எழுதினார். இன்று அண்டார்க்டிகாவில் கிடைத்தாலும், மடகாஸ்கரில் கிடைத்தாலும் அதன் பெயர் சார்னோக்கைட்தான். நீலகிரி, சேர்வராயன் மலை, ஏலமலை ஆகியவற்றின் பெரும்பகுதி இக்கல்லே. பல்லாவரத்துத் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாக உளி வைத்த கல்லுக்கு ஒரு வணிக அலுவலரின் பெயர் நிலைத்துவிட்டது! ஒடிசாவின் கந்த இனப் பழங்குடி மக்களின் பெயர் மற்றொரு பாறைக்குக் கிடைத்தது ஓரளவு ஆறுதல். 1902-இல் வாக்கர் என்பவர் அதற்குக் கோண்டலைட் எனப் பெயர் சூட்டினார். கொனார்க் கோயில் அந்தக் கல்லால் ஆனது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் அடித்தளம் பெரும்பாலும் இந்தக் கோண்டலைட்டும் சார்னோக்கைட்டும் அவற்றைச் சார்ந்த வரிப்பாறைகளுமேயாகும்.

சார்னோக்கைட் எவ்வாறு தோன்றுகிறது? உருகிய குழம்பு உறைந்து உண்டானது என்று ஹாலந்து கருதினார். 1960-இல் பெங்களூரைச் சேர்ந்த நிலவியலறிஞர் பிச்சமுத்து ஒரு சிறு கட்டுரையை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். பெங்களூருக்குத் தெற்கே கனகபுரம் பகுதியிலுள்ள கப்பாலதுர்கத்தில், சாம்பல் நிற வரிப்பாறையின் நடுவே கரும்பச்சைத் திட்டுகள் படர்ந்திருப்பதை அவர் கண்டார். திட்டு முழுவதும் சார்னோக்கைட். சுற்றியுள்ளது வரிப்பாறை. இரண்டுக்கும் இடையே கூரிய எல்லை இல்லை. பாறையின் வரிகள் திட்டினுள் நுழைந்து மங்கி மறைகின்றன. ஒரு பாறை மற்றொரு பாறையாக மாறிக்கொண்டிருந்த நிலையில் காலம் அப்படியே நின்றுவிட்டது போன்ற காட்சி அது. இதனை உலக நிலவியலார் உடனே பற்றிக்கொள்ளவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்த பின், 1979-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் ஜனார்த்தன், அமெரிக்க அறிஞர்களான நியூட்டன், ஸ்மித் ஆகியோருடன் சேர்ந்து அவ்விடத்தை விரிவாக ஆராய்ந்து காரணம் கூறினார். பாறைக்குள் நீர் குறைந்ததே மாற்றத்திற்கு அடிப்படை என்பது அவர்களுடைய முடிவு.

இதைச் சற்று விளக்குவது பயனுடையது. பயோட்டைட் என்னும் படிகத்தின் அமைப்புக்குள் நீர் அடங்கியிருக்கின்றது. பூமியின் ஆழத்திலிருந்து கரியமில வாயு மேலெழுந்து பாறையின் நுண்ணிய பிளவுகளில் ஊடுருவினால் அங்குள்ள நீரின் செறிவு தாழ்கின்றது. அப்போது பயோட்டைட் சிதைந்து, நீரை இழந்து, ஹைப்பர்ஸ்தீன் என்னும் நீரற்ற கனிமமாக மாறுகின்றது. பாறை உலர்ந்துவிடுகிறது. உலர்ந்த பாறை எளிதில் உருகாது. கண்டங்களின் அடிப்பகுதி கோடானுகோடி ஆண்டுகள் உறுதியாக நிலைத்து நிற்பதற்கு இவ்வாறு உலர்ந்ததே ஒரு காரணம் என்பர். அடுப்பில் வைத்த களிமண் பானை நீரை இழந்து உறுதி பெறுவதைக் கண்ட நம்மவர்களுக்கு இது புரியாத செய்தியன்று. ஆனால் இங்கே சூளை இருபது கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது; வெப்பம் 700 டிகிரியை எட்டியோ தாண்டியோ இருந்தது.

அடுத்த பெரிய சான்று நம் நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொன்முடியில் கிடைத்தது. அங்கொரு கல்குவாரியில் அதே போன்ற கரும்பச்சைத் திட்டுகள் தெரிந்தன. ரவீந்திர குமார், ஸ்ரீகண்டப்பா, ஹேன்சன் ஆகிய மூவர் இதைப் பற்றி 1985-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். முதலாமவர் இங்குள்ள மையத்தைச் சேர்ந்தவர். பொன்முடிப் பாறையில் கார்னெட் உண்டு, கிராஃபைட் உண்டு. கிராஃபைட் என்பது தூய கரியே. ஆகவே கரியமில வாயு வெளியிலிருந்து வந்ததா, பாறையிலிருந்த கரியே வாயுவாக மாறியதா என்ற வாதம் மூண்டது. வாயு ஊடுருவியதால் மாற்றம் நேர்ந்தது என்றனர் சிலர். பாறைத்தொகுதி மேலெழுந்தபோது அழுத்தம் தளர்ந்ததே காரணம், வெளியிலிருந்து எதுவும் வரவேண்டியதில்லை என்றனர் வேறு சிலர். செறிந்த உப்புநீருக்கும் இதில் பங்குண்டு என்ற கருத்து பின்னர் வலுப்பெற்றது. படிகங்களுக்குள் சிறைப்பட்ட நுண்குமிழிகளைக் குளிர்வித்தும் சூடாக்கியும், கிராஃபைட்டின் கரி ஐசோடோப்புகளை அளந்தும் இந்த வாதம் பல ஆண்டுகள் நடைபெற்றது. முற்றிலும் ஓய்ந்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. ஜப்பானியரும் ஜெர்மானியரும் அமெரிக்கரும் ஒரு கேரளக் கல்குவாரியைத் தேடி வந்தது இதற்காகத்தான்.

இனி வயதைப் பற்றிக் கூறுகிறேன். இந்தப் பகுதி ஒரு கணக்கனுக்கு மிகவும் பிடித்தமானது.

ஜிர்க்கான் என்றொரு கனிமம் உண்டு. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அது படிகமாகும்போது யுரேனியத்தைச் சிறிதளவு ஏற்றுக்கொள்ளும். காரீயத்தை ஏறக்குறைய முற்றிலுமாக ஒதுக்கிவிடும். பின்னர் யுரேனியம் கதிரியக்கத்தால் காரீயமாக மாறுகின்றது. ஆகவே இன்று அதற்குள் இருக்கும் காரீயம் காலத்தின் கணக்கு. யுரேனியத்தில் இரு வகை. ஒரு வகை பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். மற்றதற்கு 70 கோடி ஆண்டுகள் போதும். இரண்டும் வெவ்வேறு வகைக் காரீயத்தை ஈனுகின்றன. அதாவது ஒரே படிகத்தில் இரு தனித்தனிப் பேரேடுகள் எழுதப்படுகின்றன. இரண்டும் ஒரே தேதியைக் காட்டினால் கணக்கு செம்மையானது. காட்டாவிட்டால் இடையில் காரீயம் எங்கோ கசிந்திருக்கிறது என்று தணிக்கையாளர் அறிந்துகொள்வார். இதைவிட நேர்மையான இரட்டைப் பதிவு முறையை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

ஒரே ஜிர்க்கானின் நடுப்பகுதி ஒரு காலத்தையும் விளிம்பு வேறொரு காலத்தையும் காட்டக்கூடும். ஆகவே படிகத்தை முழுவதும் கரைத்து அளந்தால் கணக்குகள் கலந்துவிடும். நுண்ணிய அயனிக் கற்றையை அதன் மேல் ஒரு புள்ளியில் செலுத்தி அளக்கும் கருவியை ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் காம்ப்ஸ்டன் குழுவினர் உருவாக்கினர். அதன் பெயர்ச் சுருக்கம் ஷ்ரிம்ப், அதாவது இறால். கேரளம் இறாலை ஏற்றுமதி செய்து அன்னியச் செலாவணி ஈட்டுகின்றது; இந்த இறாலை மட்டும் அயல்நாட்டில்தான் தேட வேண்டியிருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் மலைகளில் கிடைத்த ஒரு ஜிர்க்கான் ஏறத்தாழ 440 கோடி ஆண்டு வயதுடையது என்று 2001-இல் அறிவிக்கப்பட்டது இவ்வகைக் கருவியால்தான். அப்படிகங்களில் உள்ள ஆக்சிஜனின் வகைகளைக் கொண்டு, அத்தனை பழங்காலத்திலேயே பூமியில் நீர் இருந்தது என்ற முடிவுக்கும் பலர் வந்துள்ளனர்.

நம் நாட்டுச் சான்று 2018-இல் வெளியாயிற்று. ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டம் சம்புவா பகுதியில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எடுத்த பாறையில் இரு ஜிர்க்கான் படிகங்கள் கிடைத்தன. ஒன்றின் வயது ஏறத்தாழ 424 கோடி ஆண்டுகள். மற்றது 403 கோடி. அவை தம்மைவிட இளைய பாறைக்குள் விருந்தாளிகளாகச் சிக்கியிருந்தன. ஜார்க்கண்டும் ஒடிசாவும் சந்திக்கும் அந்தச் சிங்பூம் நிலப்பகுதியைப் பற்றி 2021-இல் மற்றொரு முடிவு வந்தது. 320 முதல் 330 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நிலம் கடலுக்கு மேல் தலைதூக்கியது என்பது அது. அதே வட்டாரத்தின் இரும்புத் தாதுவை நம்பித்தான் ஜாம்ஷெட்பூரின் எஃகு ஆலை எழுந்தது என்பதை இங்கு நினைவூட்டலாம்.

நான் கவலையுடன் நோக்குவது வேறொன்று. சம்புவாவின் படிகங்கள் அளக்கப்பட்டது பீஜிங் நகரில். கல் நம்முடையது, கால்நடையாகச் சென்று அதைக் கண்டெடுத்த மாணவர் நம்மவர், அளவீடு பிறநாட்டில். ஆய்வில் ஒத்துழைப்பு நல்லதே. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் அயல் ஆய்வகத்தின் வரிசையில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும் மாணவர், எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதைத் தாமே தீர்மானிக்க இயலாது. தாது ஏற்றுமதி செய்து கருவி இறக்குமதி செய்யும் நாடுகளின் பழைய வாணிப நிலையை இது எனக்கு நினைவூட்டுகின்றது. தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தில் புவி அறிவியல் அமைச்சகத்தின் உதவியுடன் தேசியப் புவிக்காலக் கணிப்பு வசதி அமைக்கப்பட்டிருப்பது இக்குறையை நீக்கும் முயற்சியாகும். கருவி வாங்குவது எளிது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதை இருபது ஆண்டுகள் பழுதின்றி இயக்கும் தொழில்நுட்பப் பணியாளருக்குப் பதவியும் உயர்வும் வழங்குவதில்தான் நம் நிதி விதிகள் தயங்குகின்றன.

திருவனந்தபுரத்துப் பாறைகள் இவ்வளவு பழமையானவையா என்று கேட்கலாம். இல்லை. பொன்முடியில் சார்னோக்கைட் உருவானது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். மூலப் பாறைகள் 200 கோடி ஆண்டு அளவினவை. கப்பாலதுர்கத்தில் அதே மாற்றம் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. ஹாசன் பகுதியின் கோரூர் வரிப்பாறைகள் 330 கோடி ஆண்டுகள் பழமையானவை. சித்திரதுர்கத்திலிருந்து தெற்கே கிருஷ்ணகிரி வரை வருபவர், தரையில் நடந்தாலும், உண்மையில் பழைய மேலோட்டின் ஆழத்தை நோக்கி இறங்கி வருகிறார். ஏனெனில் தெற்குப் பகுதி அதிகமாக மேலெழுந்து தேய்ந்துள்ளது. இப்படி ஆழத்தை அகலமாக விரித்து வைத்திருக்கும் இடம் உலகில் மிகச் சிலவே. தொடக்க காலத்தில் நடந்ததையும் பிற்காலத்தில் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தென்னிந்தியா போல வாய்ப்பான நிலம் அரிது.

பொன்முடியையும் அதைச் சூழ்ந்த மலைகளையும் மழை அரித்த மண்ணே கடற்கரையின் கருமணல். சவரையிலும் மணவாளக்குறிச்சியிலும் கிடைக்கும் இல்மனைட், ஜிர்க்கான், மோனசைட் யாவும் இப்பாறைகளின் பிள்ளைகள். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். அன்று அவ்வூர் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றியது. 1952-இல் ஆலுவா ஆலை இயங்கத் தொடங்கியது. இன்று தோரியமும் அருமண் தனிமங்களும் உலக அரசியலில் எவ்வளவு பேசப்படுகின்றன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஓடு தொழிற்சாலைக்குப் போகும் ஜிர்க்கானும் நிலவியலாரின் கடிகாரமாகிய ஜிர்க்கானும் ஒரே பொருள். ஆயினும், கனிமம் கிடைக்கும் என்று காட்டியே எல்லா ஆராய்ச்சிக்கும் பணம் கேட்பது எனக்கு உடன்பாடில்லை. கிடைக்காவிட்டால் ஆராய்ச்சி வீண் என்று அவர்களே ஒப்புக்கொண்டது போலாகும்.

பயன் எந்த வழியில் வரும் என்பதை முன்கூட்டியே எழுதிவிட முடியாது. இதற்கு நான் தரும் சான்று கிளேர் பேட்டர்சன். விண்கல்லிலுள்ள காரீயத்தை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் முடிவுகட்டியவர் இவர். அளக்கும்போது அவருக்கு ஓயாத தொல்லை இருந்தது. எங்கும் காரீயம், காற்றில், தூசியில், தம் தோலில். அதை விலக்குவதற்காக மிகத் தூய ஆய்வகத்தை அமைத்தார். அத்தனை காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது, பெட்ரோலில் கலக்கப்பட்ட காரீயமே அதற்குப் பெருங்காரணம் என்று கண்டார். அதற்கு எதிராகப் பல்லாண்டு வாதாடினார். இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் காரீயமில்லாப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஒரு நஞ்சு தெருக்காற்றிலிருந்து குறைந்ததன் பொருளாதார மதிப்பை எந்த முதலீட்டு அறிக்கையில் முன்கூட்டி எழுதியிருக்க முடியும்? விண்கல்லின் வயதைக் கேட்டுப் பணம் கொடுத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்கவே முடியாது.

செலவையும் பார்ப்போம். புவி அறிவியல் அமைச்சகத்தின் ‘பிருத்வி’ திட்டத்திற்கு 2021 முதல் 2026 வரையிலான காலத்திற்கு 4,797 கோடி ரூபாய் ஒப்பளிக்கப்பட்டது. வானிலை, கடல், துருவப் பகுதி, நிலநடுக்கம், பயிற்சி அனைத்தும் அதில் அடங்கும். மக்கள் தொகையை 140 கோடி எனக் கொண்டால் தலைக்கு ஆண்டுக்கு ஏழு ரூபாய் அளவு. பழம்பாறை ஆராய்ச்சியின் பங்கு அதில் ஒரு சிறு துளி. புயல் எச்சரிக்கையிலிருந்து பணத்தைப் பிடுங்கிப் பாறைக்குக் கொடுக்கிறோம் என்ற அச்சத்திற்கு இடமில்லை.

பணத்தைவிட அவசரமானது ஒன்று உண்டு. அதைச் சொல்லி அமைகிறேன். இந்தப் பாறைகள் நமக்குத் தெரிய வந்ததே கல்குவாரிகளால். வெட்டியதால்தான் புதிய முகம் வெளிப்பட்டது. அதே வெட்டு தொடர்ந்தால் சான்று ஜல்லியாகிவிடும். சாலைக்கும் வீட்டுக்கும் கல் வேண்டும். குவாரிகளை மூடச் சொல்வதற்கு நான் வரவில்லை. சந்தை ஜல்லிக்கு விலை வைக்கின்றது, ஆனால் அந்தக் கல் சொல்லும் செய்திக்கு விலை வைப்பதில்லை. செய்தி எல்லாருக்கும் பொதுவாதலால் அதை வாங்க எவரும் முன்வருவதில்லை. இத்தகைய பொருளைக் காப்பது அரசின் வேலை என்பது பொருளாதாரத்தின் முதற்பாடங்களில் ஒன்று. பரங்கிமலையின் சார்னோக்கைட்டை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1975-இல் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்தது. வர்க்கலைக் குன்றும் அங்காடிப்புரத்துச் செம்புறைக்கல்லும் அப்பட்டியலில் உள்ளன. ஆனால் தொல்லியல் சின்னங்களுக்கு உள்ளது போன்ற சட்டப் பாதுகாப்பு இவற்றுக்கு இருக்கவில்லை. அதற்கான சட்ட வரைவு ஒன்றைச் சுரங்க அமைச்சகம் 2022-இல் கருத்தறிய வெளியிட்டது.

சட்டத்திற்காகக் காத்திராமலே செய்யத்தக்கதும் உண்டு. கட்டடக் கல் சிறுகனிம வகையைச் சேர்ந்தது. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு விதி வகுக்கும் உரிமை மாநில அரசுடையது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இடம்பெற்ற பாறை முகங்களின் பட்டியலை ஆக்குளத்து மையமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து தயாரிக்கலாம். அந்தப் பட்டியலிலுள்ள இடத்தில் உரிமம் கோரப்பட்டால், வெடி வைப்பதற்கு முன் ஒரு நாள் பார்வையிட்டு, படமெடுத்து, மாதிரிக் கல் எடுத்துக்கொள்ள வேண்டும். மிக அரிய முகமாயின் சில மீட்டர் அகலத்தை விட்டுவைக்க வேண்டும். இதற்காகும் செலவு ஒரு ஜீப்பும் ஒரு நாள் படியும்தான். கேரளத்தில் மாவட்ட அளவில் அந்த உரிமக் கோப்பில் கையொப்பமிடும் அலுவலரே நிலவியல் பயின்றவர். அவருடைய விண்ணப்பப் படிவத்தில் இதற்கென ஒரு பத்தி சேர்த்தால் போதும்.